14 மாதக் குழந்தை, டவர் ஸ்பீக்கர், ஏவிஆர், டர்ன்டேபிள்: எதை முதலில் சரிசெய்வது?

சுருதிப்பெட்டி:
வணக்கம். பொண்ணுக்கு 14 மாசம், பிடிச்சுப் பிடிச்சு நடக்கிறா. ஹாலில் இருப்பது: 95 செ.மீ. உயரம், 20 செ.மீ. அகலம், 17 கிலோ எடையில் இரண்டு டவர் ஸ்பீக்கர், அடியில் ஸ்பைக் (கூர்முனைக் கால்). 35 செ.மீ. உயர டிவி யூனிட் மேல் ஏவிஆர் (டிவி, ஸ்பீக்கர் எல்லாத்தையும் இணைக்கிற ஆம்ப்), பக்கத்தில் டர்ன்டேபிள் (ரெக்கார்டு பிளேயர்). இடது ஸ்பீக்கரில் உச்ச ஒலி தர்ற ட்வீட்டரின் சில்க் டோம் (பட்டுத்துணிக் குமிழ்) விரல் பட்டு உள்ளே அமுங்கிப் போச்சு. துணி கிரில் மாட்டித்தான் இருந்தது.

என் கேள்விகள்: அமுங்கின டோமை வெளியே கொண்டுவர முடியுமா? ஸ்பீக்கர் சாயாமல் இருக்க அடியில் அகலக் கால் போட்டால் போதுமா? ஏவிஆரைக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் வச்சுப் பூட்டிடலாம்னு கார்பென்டர் சொல்றார், சரியா வருமா? டர்ன்டேபிளை எங்கே வைக்கிறது? சுவர் எல்லாம் செங்கல். ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுவில் இருப்பது மட்டும் நாலரை இஞ்ச் சுவர்.

மரவேலை:
ட்வீட்டர் அப்புறம். முதலில் ஸ்பீக்கர் சாய்வதைப் பாருங்க, இன்னிக்கே.

கணக்கு இதுதான். அகலம் 20 செ.மீ. என்றால் எடையின் நடு ஓரத்திலிருந்து 10 செ.மீ. உள்ளே. 70 செ.மீ. உயரத்தில் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தால் 17 × 10 ÷ 70, சுமார் இரண்டரை கிலோ இழுப்புக்கே சாய ஆரம்பிக்கும். ஸ்பைக் ஓரத்திலிருந்து இரண்டரை செ.மீ. உள்ளே தள்ளி இருந்தால் 2 கிலோவே வேண்டாம். அகலக் கால் போட்டு அடியை 36 செ.மீ. ஆக்கினாலும் 4.4 கிலோதான். அந்த வயசுக் குழந்தை பத்து கிலோ வரை இருக்கும், அது பிடித்துத் தொங்கினால் அகலக் கால் தாங்காது. அது உதவி, காப்பு இல்லை. சுவரோடு கட்டியே ஆகணும்.

கட்டும் முறை: 25 மி.மீ. அகல நைலான் பட்டை, ஒரு ஸ்பீக்கருக்கு இரண்டு. ஸ்பீக்கரின் முதுகில் தரையிலிருந்து 75 செ.மீ. உயரத்தில் ஒரே இடத்தில் இரண்டு பட்டையையும் பிடித்து, சுவரில் 40 செ.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளிக்கு ‘வி’ மாதிரி விரித்துக் கட்டுங்க. ஒற்றைப் பட்டை முன்னால் விழுவதை மட்டும் தடுக்கும், பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்காது. பட்டையில் தொய்வே இருக்கக் கூடாது.

ஸ்பீக்கர் முதுகில் சுவர் மாட்டலுக்கான திருகு ஓட்டை ஏற்கெனவே இருந்தால் அதையே பயன்படுத்துங்க. இல்லாவிட்டால் பெட்டியின் எம்டிஎஃப் (அழுத்தின மரத்தூள்) பலகையின் கனத்தை முதலில் பாருங்க. 18 மி.மீ. பலகை என்றால் திருகு 15 மி.மீக்கு மேல் உள்ளே போகக் கூடாது. உள்பக்கம் துளைத்துக்கொண்டு போனால் காற்று கசிந்து பேஸ் ஒலிக்கும்போது உஸ்ஸென்று சத்தம் வரும். 2.5 மி.மீ. முன்துளை போடாமல் முறுக்கினால் எம்டிஎஃப் பிளந்துவிடும்.

சுவரில் 8 மி.மீ. பிளக் (திருகைப் பிடிக்கும் பிளாஸ்டிக் உறை), 50 மி.மீ. திருகு. பூச்சு மட்டுமே 12 முதல் 15 மி.மீ. வரை இருக்கும். பிளக் பூச்சிலேயே நின்றுவிட்டால் முதல் இழுப்பிலேயே பொடியோடு கையில் வரும். டிரில் தூள் செங்கல் நிறத்தில் வரும் வரை போங்க. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: புது அபார்ட்மென்ட்களில் ஏஏசி பிளாக் (நுண்துளை நிறைந்த லேசான கான்கிரீட் கல்) சுவர் என்றால் சாதாரண பிளக் பிடிக்காது, அதற்கென்றே விற்கும் பிளக் வாங்கணும்.

ஸ்பைக்கைக் கழற்றிட்டு ரப்பர் கால் போடுங்க. அந்த ஊசி முனை பிஞ்சு விரல் மேல் இறங்கினால் என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை.

வால்வு ரேடியோ:
டோம் விஷயத்துக்கு வருகிறேன். சில்க் டோம் என்பதால் பெரும்பாலும் மீட்கலாம். ஆம்பைச் சுவிட்ச் போர்டிலேயே அணைத்துவிடுங்கள். பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப் 2 செ.மீ. எடுத்து, ஒட்டும் பக்கத்தை உள்ளங்கையில் ஒருமுறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறையுங்கள். பிறகு குழியின் நடுவில் மட்டும், டோமை மேலும் அழுத்தாமல் தொட்டாற்போல் ஒட்டி, நேராக முன்னோக்கி மெதுவாக இழுங்கள். சாய்த்து உரிக்காதீர்கள். சில டோம்களின் மேல் பிசுபிசுவென்று ஒரு பூச்சு இருக்கும். அது டேப்போடு வருவது தெரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

வாக்குவம் கிளீனர் குழாயை நேராக வைக்கும் வேலை வேண்டவே வேண்டாம். டோமோடு அதை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயிலையும் சேர்த்துப் பிடுங்கிவிடும். ஊசியால் குத்தி நெம்புவதும் அப்படித்தான். துளை வழியே அந்த டோமின் ஆயுள் போய்விடும்.

வெளியே வந்த பிறகு, ஒரே பாட்டை மோனோவில் குறைந்த ஒலியில் வைத்து இடது வலது மாற்றி மாற்றிக் கேளுங்கள். இடதில் கரகரப்பு இருந்தால் காயில் காந்தத்தில் உரசுகிறது. ட்வீட்டரை மாற்றுவதே வழி. அலுமினிய டோம் அமுங்கினால் மடிப்பு நிரந்தரம். பெரிலியம் டோம் உடைந்தால் துண்டைக் கையால் தொடக் கூடாது, பெருக்கவும் கூடாது. அதன் தூசியைச் சுவாசிப்பது நுரையீரலுக்குக் கேடு. கீழ் ஸ்தாயி தரும் பெரிய ஊஃபரின் நடுமூடி அமுங்கியது மட்டும்தான் என்றால் பார்க்க அசிங்கம், கேட்க அநேகமாக வித்தியாசம் இராது.

இனி தடுப்பு. துணி கிரில் தூசிக்குத்தான், விரலுக்கு அல்ல. துளையிட்ட தகடு வெட்டிப் போடுங்கள். இதில் இரண்டு தவறு வழக்கமாக நடக்கும். ஒன்று, கடையில் சுலபமாகக் கிடைக்கும் 3 மி.மீ. துளை, ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 5 மி.மீ. இடைவெளி உள்ள தகடு. அதில் திறந்த பரப்பு மூன்றில் ஒரு பங்குதான், உச்ச ஸ்தாயி மங்கிவிடும். 3 மி.மீ. துளை, 4 மி.மீ. இடைவெளி கேளுங்கள். பாதிப் பரப்பு திறந்திருக்கும். தகட்டின் கனம் 1 மி.மீ. போதும். இரண்டாவது தவறு, இரும்புத் தகடு. ட்வீட்டரின் காந்தம் அதை இழுக்கும். மாட்டும்போது கை நழுவினால் தகடே டோமில் போய் மோதும். அலுமினியம்தான் சரி. டோமின் உச்சியிலிருந்து 15 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும், ஓரத்தில் ஃபெல்ட் பட்டை ஒட்டினால் அதிர்ந்து கிணுகிணுக்காது.

பின்பக்க பேஸ் போர்ட்டையும் (காற்றுத் துளை) பாருங்கள். நாணயம், கிரேயான், பொம்மைச் சக்கரம் எல்லாம் உள்ளே போகும். ஸ்பாஞ்சை உருட்டி இறுக்கமாக அடைத்துவிடலாம். பேஸ் சற்றுக் குறையும். ஸ்பீக்கரைச் சுவருக்கு அருகில் தள்ளும்போது அந்தக் குறைவு உங்களுக்கு நல்லதே.

நாலாம் மாடி:
அலமாரிக்குள் ஏவிஆர் வைக்கலாம், ஆனா கார்பென்டர் சொல்ற மாதிரி மூடிப் பூட்டினால் குழந்தையிடமிருந்து தப்பிச்சு சூட்டில் சாகும். 100 வாட் சூடு வெளிவிடுதுன்னு வச்சுக்கோங்க. அறையை விட 10 டிகிரிக்கு மேல் ஏறாமல் இருக்க விநாடிக்கு 8 லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக் காற்று ஓடணும். மே மாசம் அறையே 35 டிகிரி, அப்போ உள்ளே 45. அதுக்கு மேல் விடாதீங்க.

பின்பலகையில் மேலே இரண்டு 120 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன், காற்றை வெளியே தள்ளும்படி. கீழே தரைப் பலகையில் அதே அளவுக்குத் திறப்பு. கீழே திறப்பு இல்லாமல் மேலே ஃபேன் மட்டும் போட்டால் சத்தம்தான் வரும், காற்று வராது. 12 வோல்ட் ஃபேனை 7 வோல்ட்டில் ஓட்டினால் பாட்டின் நடுவே கேட்காது. ஏவிஆரின் 12 வோல்ட் ட்ரிக்கரில் (மற்ற கருவியை ஆன் செய்யச் சைகை தர்ற துளை) நேரடியா ஃபேனைச் சொருகாதீங்க. பல மாடல்களில் அது நூற்றைம்பது மில்லியாம்பியர்தான் தரும். ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வச்சு தனி அடாப்டரில் இயக்குங்க. ஏவிஆருக்கு மேல் 10 செ.மீ. காலி இடம் விடுங்க. கண்ணாடிக் கதவு டஃபன்டு கண்ணாடியா இருக்கட்டும், ரிமோட் அதன் வழியா வேலை செய்யும்.

அலமாரி வரும் வரைக்கும் மெனுவில் இரண்டு காரியம்: அதிகபட்ச வால்யூமுக்கு வரம்பு, ஆன் ஆகும்போது குறைந்த வால்யூம். குமிழைக் குழந்தை முழுசாத் திருகினால் ஆம்ப் தாங்காமல் ஒலி அலை வெட்டுப்பட்டு (கிளிப் ஆகி) முதலில் கருகுவது ட்வீட்டர்தான். அதுக்கு முன்னாடி அவளோட காது இருக்கு. முன்பலகைப் பூட்டு வசதி உங்க மாடலில் இருக்கான்னு மேனுவலில் பாருங்க.

இன்னொண்ணு, இது எல்லாத்தையும் விட அவசரம். சின்ன ரிமோட்களில் சிஆர் 2025, சிஆர் 2032 பட்டன் பேட்டரி இருக்கும். மூடி திருகு இல்லாமல் நகத்தால் திறக்கிற மாதிரி இருந்தால் அந்த ரிமோட்டை அவ கைக்கு எட்டாமல் வைங்க. விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் அதன் மின்சாரம் அந்த இடத்திலேயே அரிக்கும் காரத்தை (ஆல்கலி) உண்டாக்கி, இரண்டு மணி நேரத்துக்குள் திசுவைப் பொசுக்கிடும். சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடணும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஒரு வயசு தாண்டிய குழந்தைக்கு, விழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், போற வழியில் 10 நிமிஷத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன் தரலாம், ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். தேனுக்காக ஒரு நிமிஷம்கூட நிற்காதீங்க.

சுருதிப்பெட்டி:
ரொம்ப நன்றி. டேப்பில் டோம் வந்துடுச்சு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்குது. ஸ்பைக்கைக் கழற்றியாச்சு. டர்ன்டேபிளுக்கு அந்த நாலரை இஞ்ச் சுவரில் 100 செ.மீ. உயரத்தில் ஷெல்ஃப் போடலாமா?

மரவேலை:
100 போதாது. இரண்டு வயசில் உயரம் 87 செ.மீ. அளவில் இருக்கும், கையைத் தூக்கினால் ஒரு மீட்டரைத் தாண்டும். 125 போடுங்க. கீழே மோடாவோ நாற்காலியோ இருக்கக் கூடாது. 40 செ.மீ. மோடா மேல் ஏறினால் 125ம் எட்டும். நாலரை இஞ்ச் சுவர் வேண்டாம், வெளிச்சுவரில் போடுங்க. அதில்தான் பிளக் ஆழமாக உட்காரும், கதவு அடிக்கும் அதிர்வும் குறைவு. சுவர் ஷெல்ஃப் என்பதால் அவள் குதித்து ஓடினாலும் ஊசி தாவாது.

வால்வு ரேடியோ:
ஷெல்ஃப் தயாராகும் வரை ஊசியை மட்டும் கழற்றி வைத்துவிடுங்கள். ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜ் மூவிங் மேக்னட் வகை என்றால் ஸ்டைலஸ் (ஊசிப் பகுதி) பெரும்பாலும் முன்பக்கமாக உருவி வரும். டர்ன்டேபிளின் கையைப் (டோன்ஆர்ம்) பூட்டிவிட்டு, உருவியதை அதன் டப்பாவிலேயே போட்டு மேல் அலமாரியில் வையுங்கள். திரும்ப மாட்டும்போது டக்கென்று உட்காரும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பாதிதான் ஏறியிருக்கிறது, ரெக்கார்டில் வைக்காதீர்கள்.