'திசைகாட்டி நரம்பணு' வேண்டாம்; 'முகத்திசை நரம்பணு' என்போம்

நண்பர்களே,

மூளையில் திசையுணர்வைத் தாங்கும் நரம்பணுவுக்கு (ஆங்கிலத்தில் head direction cell) தமிழ்ப் பெயராக முன்மொழிந்த 'திசைகாட்டி நரம்பணு' சொன்னவுடன் புரிகிறது. ஆனால் தப்பாகப் புரிகிறது என்பதே என் கவலை. திசைகாட்டி என்றதும் காந்த முள்ளும் வடக்கும்தான் நினைவுக்கு வரும். இந்த நரம்பணுக்களோ காந்தத்தை நம்பி நிற்பவை அல்ல.

இவற்றை எலியின் மூளையில் கண்டு 1984-இல் முதலில் அறிவித்தவர் நரம்பியல் ஆய்வாளர் ஜேம்ஸ் ராங்க். எலி ஒரு குறிப்பிட்ட பக்கம் தலையைத் திருப்பும்போது ஒரு நரம்பணு படபடவென்று துடிக்கும், அதாவது மின்துடிப்புகளை அனுப்பும். வேறு பக்கம் திரும்பினால் ஏறக்குறைய அடங்கிவிடும். எலி அரங்கின் எந்த மூலையில் இருந்தாலும் அதே பக்கம்தான். அடுத்த நரம்பணுவுக்கு வேறொரு பக்கம். பிறகு நடந்த சோதனைகளில் உருளை வடிவ அரங்கின் உட்சுவரில் ஒரு வெள்ளை அட்டையை ஒட்டினார்கள். எலியை வெளியே எடுத்து, அட்டையை 90 பாகை நகர்த்திவிட்டு, மறுபடி உள்ளே விட்டால், நரம்பணு துடிக்கும் பக்கமும் கிட்டத்தட்ட அதே அளவு நகர்ந்துவிட்டது! காந்த முள் அட்டையைப் பார்த்துத் திரும்பாதே. விளக்கை அணைத்தாலும் இந்த நரம்பணு உடனே குழம்புவதில்லை. தலை எவ்வளவு திரும்பியது என்று உட்செவி சொல்லும் கணக்கை வைத்துக்கொண்டு சிறிது நேரம் ஓட்டும். போகப்போகப் பிழை சேர்ந்து விலகும்.

ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்து 'தலைத்திசை' என்றால் பொருள் பிழையில்லை. ஆனால் தலை வைத்துப் படுக்கும் திசை என்றல்லவா காதில் விழுகிறது? 'கிழக்கு முகமாக உட்கார்', 'வடக்கு முகமாக நின்றான்' என்று இதற்கான வழக்கு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. முகம் தலையோடு திரும்பும். கண் மட்டும் அசைந்தால் திரும்பாது. ஆய்வில் அளப்பதும் தலை திரும்பிய திசையைத்தான். ஆகவே 'முகத்திசை நரம்பணு'.

இன்னொன்று. எலி ஒரு குறிப்பிட்ட இடத்தில் இருக்கும்போது துடிக்கும் நரம்பணுக்களை (place cell) 1971-இல் ஜான் ஓ'கீஃப் மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் கண்டார்; அவற்றை 'இட நரம்பணு' என்று எழுதி வருகிறோம். திசை பற்றிய கட்டுரையில் 'இட' என்று வந்தால் இடப்பக்கம் என்று படிக்க இடமுண்டு. நானே ஒருமுறை அப்படிப் படித்துத் திகைத்தேன். 'இருப்பிட நரம்பணு' என்றால் அந்தத் தொல்லை இல்லை.

2005-இல் ஆய்வாளர்களான மோசர் இணையரின் குழு அறிவித்த, பல இடங்களில் துடிக்கும் நரம்பணுவுக்கு (grid cell) 'கட்ட நரம்பணு' என்ற பெயர் பொருந்தவில்லை. கட்டம் என்றால் சதுரம். எலி திரியும் தரையில் இவை ஒவ்வொன்றும் துடிக்கும் இடங்களைப் புள்ளியிட்டு இணைத்தால் வருவது சமபக்க முக்கோணங்கள். இப்போதைக்கு 'முக்கோணவலை நரம்பணு' என்று வைத்திருக்கிறேன். நீளமாக இருக்கிறது, வடிவத்தை விடாமல் சுருக்க யாருக்காவது வழி தோன்றினால் எழுதுங்கள்.