லாரல், ஹார்டியின் 'தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி': இரண்டாம் சுருள் எப்படிக் கிடைத்தது?

கேள்வி:
1927ஆம் ஆண்டு ஹால் ரோச் நிறுவனம் தயாரித்த இந்த மௌன நகைச்சுவைப் படத்தின் கிரீம் பை (pie எனும் கிரீம் நிரப்பிய பலகாரம்) வீச்சுக் காட்சியைச் சிறுவயதில் ஒரு தொகுப்புப் படத்தில் பார்த்திருக்கிறேன். அதன் இரண்டாம் சுருள் (பிலிம் ரீல்) 2015இல்தான் கண்டெடுக்கப்பட்டது என்று இப்போது படித்தேன். அப்படியானால் நான் பார்த்தது எது? முழுச் சுருளில் அதைவிடக் கூடுதலாக என்ன இருக்கிறது?

மறுமொழி 1:
நீங்கள் பார்த்தது, 1957இல் தயாரிப்பாளர் ராபர்ட் யங்சன் தம் 'தி கோல்டன் ஏஜ் ஆஃப் காமெடி' தொகுப்புப் படத்துக்காக வெட்டிச் சேர்த்த சில நிமிடங்களாக இருக்க வேண்டும். பல பத்தாண்டுகளாக இரண்டாம் சுருளில் உலகம் அறிந்திருந்தது அந்தத் துணுக்கை மட்டுமே. யங்சனிடம் இருந்த 16 மி.மீ. பிலிம் படி, அவர் மறைவுக்குப் பின் வேறொரு சேகரிப்பாளரிடம் சென்று, இறுதியில் மௌனப்படங்களுக்குப் பியானோ வாசிக்கும் ஜான் மிர்சாலிஸின் கைக்கு வந்தது. ஏராளமான பெட்டிகளுக்கு நடுவே, முழுமையான இரண்டாம் சுருளை அவர்தான் அடையாளம் கண்டார். தொலைந்ததாக எல்லாரும் எண்ணியது, உண்மையில் பெயர்ச்சீட்டோடு ஓர் அலமாரியில் காத்திருந்தது என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

மறுமொழி 2:
கூடுதலாக இருப்பது வேகமன்று, நிதானம். காப்பீட்டுப் பணத்துக்காக லாரலை வழுக்கி விழச்செய்ய ஹார்டி போடும் வாழைப்பழத் தோலில், பைகளைச் சுமந்துவரும் கடைக்காரர் விழுகிறார். அங்கிருந்து ஒருவர் பின் ஒருவராகத் தெருவே சண்டைக்குள் இழுக்கப்படுகிறது. அடிபட்டவர் முகத்தைத் துடைத்து, சற்று யோசித்து, பிறகே அடுத்த பையை எடுக்கிறார். அந்த இடைவெளியில்தான் சிரிப்பே பிறக்கிறது. துணுக்கில் வீச்சு மட்டும் எஞ்சியதால், இதைக் கண்டபடி எறியும் படமென்று பலர் தவறாகக் கருதிவிட்டார்கள். வீசப்பட்ட பைகள் ஏறத்தாழ 3,000 என்று பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஆனால் என்னைக் கேட்டால், எண்ணிக்கையைவிட அவை வீசப்பட்ட வரிசையே பெரிய சாதனை.

மறுமொழி 3:
ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். லாரல் குத்துச்சண்டை வீரராக வரும் முதல் சுருள் 1970களிலேயே கிடைத்துவிட்டது. அந்தக் காட்சி, 1927 செப்டம்பரில் சிகாகோவில் நடந்த டெம்ப்ஸி, டன்னி குத்துச்சண்டைப் போட்டியைப் பகடி செய்வது. ஆயினும் படம் இன்னும் முழுமையடையவில்லை: யூஜீன் பாலெட் காப்பீட்டு முகவராக வந்து ஹார்டியிடம் பாலிசி விற்கும் காட்சி இதுவரை அகப்படவில்லை. பழைய 16 மி.மீ. பெட்டிகள் எவரிடமேனும் இருந்தால், ஒவ்வொன்றின் பெயர்ச்சீட்டையும் தயவுசெய்து படித்துப் பாருங்கள். இவ்விருவரின் 'ஹேட்ஸ் ஆஃப்' படத்துக்கும் இன்றுவரை ஒரு படிகூடக் கிடைக்கவில்லை.