ஜப்பான் பள்ளிக்கூடத்தில் வடமோடிக் கூத்து: 45 நிமிடத்துக்குள் எப்படி அடக்குவது?

கல்லடி_அரங்கு:
மட்டக்களப்பு வலயத்தில் மாகாணப் பாடசாலை ஒன்றில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிறேன். கலாசாரப் பரிமாற்றத்தில் ஜப்பானின் ஆரம்பப் பாடசாலைகளுக்கும் கனிஷ்ட இடைநிலைப் பாடசாலைகளுக்கும் போக அழைப்பு வந்திருக்கு. காத்தான்குடி டீச்சர் ஒருவரும் கூட வாறா. கூத்துக்கான மத்தளம், கரப்புடுப்பு (கூடு வைத்துக் கட்டின உடுப்பு), கிரீடம் எல்லாம் கொண்டு போகலாமா? ஒரு பாடவேளைக்குள் எதைக் காட்டுவது? ஓகஸ்ட் விடுமுறையில் போனால் லீவுப் பிரச்சினையே வராது என்கிறார் அதிபர், சரியா? சாப்பாடு, அன்பளிப்பு பற்றியும் தெரிந்தவங்க சொல்லுங்க.

தோணாக்கரை:
ஓகஸ்டை முதல்ல மறந்திடுங்க டீச்சர். அங்க ஜூலை 20க்குப் பிறகு ஓகஸ்ட் முடியும் வரைக்கும் பெரும்பாலான பள்ளிக்கூடங்கள் பூட்டு. போனால் வெறும் கட்டடத்தைத்தான் பார்க்கலாம். அவங்கட கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். எங்கட சித்திரை லீவில் போனாலும் புது வருச வகுப்புகள் தொடங்கின கையோட மாட்டுப்படுவீங்க. அது முடிய ஏப்ரல் கடைசியிலும் மே முதல் வாரத்திலும் அவங்களுக்குத் தொடர் விடுமுறை. ஜூன், இல்லாட்டி செப்டெம்பரிலிருந்து நவம்பர் வரை நல்லம். டிசம்பரில் எங்கட பள்ளிக்கூடம் பூட்டுற வருசமென்றால் அந்த மாதத்தின் முதல் மூன்று கிழமையும் பொருந்தும். அங்க 25ஆம் திகதி அளவில்தான் குளிர்கால விடுமுறை. ஆனால் அது எங்கட மாரி. மன்னம்பிட்டிப் பக்கம் றோட்டில் வெள்ளம் ஏறினால் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய்ச் சேர ஏலாது. ஒரு நாள் முந்தியே கொழும்புக்குப் போயிடுங்க.

லீவுக் கடிதம் அதிபர், கோட்டம், வலயம், பிறகு திருகோணமலையில் மாகாணக் கல்வித் திணைக்களம் என்று போகும். தேசியப் பாடசாலை என்றால் இசுறுபாய, அதாவது கல்வி அமைச்சு. அழைப்புக் கடிதத்தில் மூன்று விசயம் தெளிவாக இருக்க வேணும்: எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, எந்தெந்தப் பாடசாலை, செலவு யாருடையது. மூன்றாவது இல்லாமல் போன கோவைதான் கேள்வி எழுதித் திரும்பி வரும். அதே கடிதம் விசாவுக்கும் தேவைப்படும்.

சல்லரி:
மத்தளத்தை விட்டிட்டுப் போங்க. பதனிடாத ஆட்டுத்தோல், மாட்டுத்தோல் என்றால் ஜப்பான் விலங்குத் தடுப்புக்காப்புப் பிரிவு வழியில் மறிக்கலாம். கட்டாயம் கொண்டு போகத்தான் வேணுமென்றால், மத்தளத்தின் படங்களை அழைத்தவங்களுக்கு அனுப்பி, அந்தப் பிரிவிடம் எழுத்தில் பதில் எடுக்கச் சொல்லுங்க. பிடிபடாமல் போனாலும் வேற கரைச்சல் இருக்கு. குளிர்காலத்தில் அங்க காத்து வறண்டு கிடக்கும். தோல் இறுகிச் சுருதி ஏறும், வார் இழுத்த இடத்தில் வெடிக்கவும் பார்க்கும். ஜூன் மழையில் நேர்மாறு: தோல் தளர்ந்து சத்தமே எழாது. சல்லரியும் (கைத்தாளம்) சலங்கையும் பித்தளை, அதுக்கு ஒரு தடையும் இல்லை. மத்தள அடியை அண்ணாவியாரை (கூத்துப் பழக்கிறவரை) வைத்து இரண்டு வேகத்தில் பதிஞ்சு எடுங்க. அங்க பல பள்ளிக்கூடங்களில் தைக்கோ என்ற பெரிய மேளம் கிடக்கும். முன்கூட்டியே கேட்டால் தருவாங்க.

கரப்புடுப்பும் வேணாம். அந்தக் கூடு மடியாது, விமானத்தில் தனிப்பொதியாகத்தான் போகும். கிரீடம் ஒன்று, புஜக்கட்டு (தோளில் கட்டுறது) ஒரு சோடி போதும். முழு உடுப்பையும் 30 செக்கன் வீடியோவில் காட்டுங்க.

இனிப் பாடவேளை. ஆரம்பப் பாடசாலையில் 45 நிமிடம், கனிஷ்ட இடைநிலையில் 50. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால பேசுவார், அதனால் உங்கட வாய்க்குக் கிடைக்கிறது 20 நிமிடம்தான். இலங்கைச் சரித்திரம், தேயிலை, யானை, சிகிரியா என்று 40 ஸ்லைட் போடுறதுதான் எல்லாரும் விடுற பிழை. பிள்ளைகள் மரியாதையாகக் கேட்பாங்க, ஒன்றும் மனதில் நிற்காது. வரைபடமும் வணக்கமும் 5 நிமிடத்துக்குள் முடிய வேணும். பிறகு ‘தெய்யத் தெய்’ என்று முடியிற எளிய தாளக்கட்டு ஒன்றை எடுங்க. முதல்ல கைதட்டு, அது பிடிபட்ட பிறகு வாயால் சொல்ல வைங்க, கடைசியாகத்தான் கால். மூன்றையும் ஒன்றாகக் குடுத்தால் குழம்பிப் போவாங்க. ஒரு வகுப்பில் 35 பேர் வரை இருப்பாங்க. மேசை கதிரையை ஓரத்துக்குத் தள்ளி, கூத்தாடுற வட்டக்களரி மாதிரி ஒரு வட்டம் போட்டு, ஆறாறு பேராக உள்ள இறக்குங்க. வெளியில் நிற்கிறவங்கதான் பிற்பாட்டு, பின்னால சேர்ந்து பாடுறவங்க. அரை மணித்தியாலம் இதிலேயே போகட்டும். கேள்விக்குப் பத்து நிமிடம் வைங்க.

பாட்டு வரிகளை மேடையில் மொழிபெயர்க்கக் கேட்காதீங்க. எந்தப் பாத்திரத்தின் வரவு, எதுக்கு வாறார் என்று நாலு வரியில் எழுதி ஒரு கிழமை முந்தியே அனுப்புங்க.

நேரம் மிச்சம் வந்தால் மட்டக்களப்பு வாவியின் பாடும்மீனைச் சொல்லுங்க. கல்லடிப் பாலத்தடியில் துடுப்பின் ஒரு முனையை வாவித் தண்ணிக்குள்ளயும் மற்ற முனையைக் காதிலும் வைத்துக் கேட்கிற விதத்தைச் செய்து காட்டினால், சின்னதுகள் உடனே தும்புத்தடியை எடுத்துக் காதில் வைக்குங்கள்.

மருதமுனை_தறி:
சாப்பாட்டில் கவனம். பகலுணவு வகுப்பறையிலேயே, எல்லாருக்கும் ஒரே சமையல், பிள்ளைகளே பரிமாறுவாங்க. மரக்கறிச் சூப் என்று வாறதிலும் மீன் சாறு இருக்கும். ஹலால் பார்க்கிறவங்களுக்கு, பன்றி இல்லாத கறியிலும் சமையல் மது சேர்ந்திருக்கலாம். மாதச் சாப்பாட்டு அட்டவணையை முதலே கேட்டு வாங்குங்க. சோறும் பாலும் மட்டும் எடுத்து, கறியைப் பெட்டியில் கொண்டு போறது இரண்டு டீச்சர்மாருக்கும் சுகம். அதையும் முன்னமே அறிவிக்க வேணும், சும்மா பெட்டியைத் திறந்தால் பிள்ளைகளுக்கு முன்னால சங்கடம்.

தொதல், எள்ளுருண்டை பங்கிடுற எண்ணம் இருந்தால் விடுங்க. எள், கச்சான், கசு ஒவ்வாமைக்குப் பயந்து பள்ளிக்கூடம் மறிக்கும். விதை, பச்சை இலை, பழம், இறைச்சிப் பொருள் பெட்டியிலேயே வேணாம். பிள்ளைக்கொன்று என்று குடுக்காமல் பள்ளிக்கூடத்துக்கு ஒன்று குடுங்க. எங்கட மருதமுனைக் கைத்தறித் துணி ஒரு துண்டு, கீழ நெய்த ஊரின் பேர் எழுதினால் சுவரில் தொங்கும். (ஊர்ப்பாசம்தான், ஆனாலும் துணி உடையாது, பாரமும் இல்லை.)

வாசலில் சப்பாத்தைக் கழற்ற வேணும். அவங்க தாற செருப்பு படியில் வழுக்கும், தாளம் மிதிக்கவே ஏலாது. வெளியில் போடாத, றப்பர் அடியுள்ள மெல்லிய சப்பாத்து ஒரு சோடி தனியாகக் கொண்டு போங்க. பிள்ளைகளின் முகம் தெரியிற படத்தைப் பள்ளிக்கூடத்தின் அனுமதி இல்லாமல் பேஸ்புக்கில் போட வேணாம்.

கல்லடி_அரங்கு:
பெரிய உதவி. அங்க இருந்து எங்கட தரம் 8 பிள்ளைகளோட வீடியோ அழைப்பு எடுக்க நேரம் ஒத்துவருமா?

தோணாக்கரை:
ஜப்பான் எங்களை விட மூன்றரை மணித்தியாலம் முந்தி. எங்கட காலை 8 மணி அங்க 11.30, மதியச் சாப்பாட்டுக்கு முந்தின கடைசிப் பாடவேளை. அதைப் பிடிங்க. 9 மணிக்கு வைத்தால் அங்க 12.30, எல்லாரும் தட்டோட இருப்பாங்க. பள்ளிக்கூட இணையம் வெளி அழைப்புகளை மறிக்கிறது வழமை, பென்ட்றைவையும் அவங்கட கணினியில் குத்த விடமாட்டாங்க. சொந்த மடிக்கணினி, எச்டிஎம்ஐ வயர், ஜப்பான் சிம் மூன்றும் கையில் வேணும். அங்க மின்சாரம் 100 வோல்ற். மடிக்கணினி சாஜரில் 100–240 என்று போட்டிருந்தால் தட்டைக் கால் இரண்டுள்ள அடப்டர் ஒன்றோட வேலை முடிஞ்சுது. 230 மட்டும் போட்டிருக்கிற ஸ்பீக்கரை வீட்டில் வைச்சிட்டுப் போங்க.