பூச்சி மருந்து கொடுத்தும் பூனைக்குட்டிக்குச் சரியாகவில்லையா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

சத்துவாச்சாரியிலிருந்து:
எங்கள் மாடிப்படிக்குக் கீழே தெருப்பூனை போட்ட குட்டிகளில் ஒன்றை வளர்க்கிறோம். முதுகெலும்பு துருத்திக்கொண்டிருந்தது, வயிறு மட்டும் உப்பல். பார்த்தவர்களெல்லாம் "நல்லா சாப்பிடுது போல" என்றார்கள். டாக்டர் வயிற்றைத் தொட்டதுமே உருண்டைப்புழுவாக இருக்கும் என்றார். மண்ணையே மிதிக்காத குட்டிக்கு எப்படி வரும்? தாய்ப்பாலிலேயே வந்துவிடுமாம். எடை பார்த்து பைரன்டெல் சிரப் கொடுத்தார். மறுநாள் மலத்தில் விரல் நீளப் புழுக்கள் விழுந்தன. இரண்டு வாரம் கழித்து இன்னொரு டோஸ். உடம்புக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் இளம் புழுக்கள் குடலுக்கு வந்தபின்தான் மருந்தில் மாட்டும்.

காட்பாடியிலிருந்து:
எங்கள் பூனைக்கு அந்த சிரப் கேட்கவில்லை அக்கா. வாலடியில் அரிசிமணி போல ஒட்டிக்கொண்டு நெளிந்தது. அது நாடாப்புழுவின் துண்டு. அதற்குப் பிராசிகுவான்டல் மாத்திரைதான். பூனை உடம்பை நக்கும்போது தெள்ளுப்பூச்சியை விழுங்கித்தான் இந்தப் புழு வருகிறது, அதனால் தெள்ளை ஒழிக்காமல் மாத்திரை மட்டும் போட்டால் மறுபடி வரும். நாய்க்கு வாங்கிய தெள்ளு மருந்து மிச்சம் இருக்கிறதே என்று தடவிவிடாதீர்கள். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வரும், உயிரே போகலாம்.

ராணிப்பேட்டையிலிருந்து:
உங்கள் இருவருக்கும் புழுவாவது கண்ணில் பட்டது! இங்கே சளியோடு பேதி மட்டும்தான். பூச்சி மருந்து கொடுத்தும் நிற்கவில்லை. மாமியார் வேப்பங்கொழுந்து அரைக்கக் கிளம்பினார், நான் விடவில்லை. நம்ம ஊர் வெயிலில் பேதியாகும் சின்னக் குட்டி சீக்கிரமே நீர் வற்றித் துவண்டுவிடும். வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் முதலில் கேட்டதே "மலம் கொண்டு வந்தீங்களா?" என்றுதான். அன்று போனதை டப்பாவில் எடுத்துப்போயிருந்தோம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் காக்சிடியா. அது புழுவே இல்லை, ஒற்றைச் செல் உயிரி. பைரன்டெலும் பிராசிகுவான்டலும் அதைத் தொடாது, மருந்தே வேறு. ஜியார்டியா என்ற இன்னொரு ஒற்றைச் செல் உயிரி என்றால் அதற்கும் தனி மருந்து. பார்க்காமல் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுப்பது வீண் செலவு என்பது என் கருத்து.

அப்புறம், குட்டி மலம் கழிக்கும் மண் தட்டைத் தினமும் காலி செய்து கொதிக்கும் நீர் ஊற்றச் சொன்னார். ஃபினாயில் வேண்டாம். காக்சிடியா அதற்கு மசியாது, பூனைக்கு அது விஷம். கூட வளரும் குட்டிக்குப் பேதி இல்லை, இருந்தாலும் அதன் மலத்தையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.