நெடுந்தீவுக்கு ஒரே நாளில் போய்வரலாமா?

நல்லூர்வாசி:
வாற சனிக்கிழமை அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நெடுந்தீவுக்குப் போக யோசிக்கிறேன். பிள்ளைகளுக்குக் குதிரை பார்க்க வேண்டும், எனக்குக் கோட்டை. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் நோ. சரிவருமா?

பழைய வாத்தி:
சரிவரும் தம்பி. நான் அங்கே மூன்று வருடம் படிப்பித்தவன். யாழ்ப்பாணத்திலிருந்து 776 பஸ், புங்குடுதீவில் படகு ஏறும் துறையான குறிகட்டுவானுக்கே போகும். காலைப் படகை விட்டால் அன்றைய நாள் போச்சு. படகில் ஒரு மணித்தியாலம். அம்மாவுக்குக் கஷ்டம் நடையில் இல்லை, படகில் ஏறி இறங்குவதில்தான்; துறையில் நிற்கிற பெடியளிடம் சொன்னால் கைபிடித்து இறக்கிவிடுவார்கள். உள்ளே ஓட்டோ பிடியுங்கள். திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கிய உடனேயே கேட்டுவிடுங்கள்.

கோட்டை வைத்தியசாலைக்குப் பின்னால். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் கைக்குப் போனது. சுவர்கள்தான் மிச்சம். ஆனால் கிட்டப் போய்ப் பாருங்கள், அத்தனையும் முருகைக்கல், அதாவது கடலில் விளையும் பவளப்பாறைக் கல். சில கல்லில் மூளை மடிப்பு மாதிரி வளைவு வளைவாகக் கோடு இருக்கும். பிள்ளைகள் விரல் வைத்துப் பார்க்கட்டும். ஊர் வீட்டு மதில்களும் அதே கல்தான், சாந்தில்லாமல் அடுக்கியவை. "கடலை உடைச்சு மதில் கட்டியிருக்கிறாங்கள் சேர்" என்றான் என் மாணவன் ஒருவன்.

குதிரைகள் தெற்குப் பக்க வெளிகளில் மேயும், கப்பல்களுக்கு வழிகாட்டிய பழைய குவிந்தா கோபுரம் போகும் வழியில் பாருங்கள். ஒல்லாந்தர் காலத்தில் வளர்த்தவற்றின் வழிவந்தவை. கோடையில் தண்ணீரில்லாமல் எலும்பு தெரிய நிற்கும், பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 2015இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்தான், அதற்காக யால மாதிரி ஜீப் சவாரி எதிர்பார்க்காதீர்கள்.

வேலணைக்காரி:
தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கட்டாயம் அண்ணை. அங்கே கிணற்றுத் தண்ணீர் பல இடத்தில் உவர். குதிரைக்குப் பாண் போட விடாதேங்கோ.

பழைய வாத்தி:
ஒன்று விட்டுவிட்டேன். நெடுந்தீவில் நீங்கள் இறங்கும் மாவிலித்துறையில் குமுதினிப் படகு நினைவிடம் இருக்கிறது. 1985 மே 15, நெடுந்தீவிலிருந்து வந்த படகை நடுக்கடலில் மறித்து, கடற்படையினர் பயணிகளைக் கொன்றார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். கோட்டைக்குப் போவதற்கு முதல் அங்கே கொஞ்சம் நில்லுங்கள்.

நல்லூர்வாசி:
நன்றி சேர். அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அந்த வருடம் அவர் புங்குடுதீவில் இருந்தவராம். பூ வாங்கிவரச் சொல்கிறார்.