நீதிமானாக்கமா, ஏற்புடைமையா, நீதிப்பேறா?

நண்பர்களே,

போன வாரம் நான் போட்ட ஒற்றைக் கேள்விக்கு இத்தனை மறுமொழி வரும் என்று நினைக்கவில்லை. புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வரியில்: கிறித்தவ இறையியலில் ‘ஜஸ்டிஃபிகேஷன்’ (கடவுள் முன் மனிதர் நீதியுள்ளவராக நிற்பது) என்பதற்குத் தமிழில் ஒரு கலைச்சொல் வேண்டும். மனிதர் மீட்படைவது விசுவாசத்தாலா, நற்செயலாலா என்ற பழைய வழக்கைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்க உட்கார்ந்தேன்; முதல் பத்தியைத் தாண்ட முடியவில்லை. எந்தச் சொல்லைப் போட்டாலும் அது ஏதாவது ஒரு கட்சியில் போய்ச் சேர்ந்துகொள்கிறது.

> பழைய வேதாகமத்தில் ‘நீதிமானாக்கப்படுதல்’ இருக்கிறதே. அதையே வைத்துக்கொண்டால் என்ன?

வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் வழக்கின் முடிச்சே அந்த ‘ஆக்கு’வில் இருக்கிறது. புதிய ஏற்பாட்டு நிருபங்களில் பவுல் எழுதிய கிரேக்க வினை லத்தீனுக்குப் போனபோது ‘யுஸ்டிஃபிகாரே’ ஆனது. பிரித்துப் பார்த்தால் ‘நீதியுள்ளவனாகச் செய்’. பழைய லத்தீன் இறையியலாளர் அகுஸ்தீன் அதை அப்படித்தான் படித்தார். பதினாறாம் நூற்றாண்டில் சீர்திருத்தத் தலைவர்களான லூத்தரும் மெலாங்க்டனும் கிரேக்கத்துக்கே திரும்பிப் போய், இது நீதிமன்றத்துச் சொல் என்றார்கள். நீதிபதி ஒருவனைக் குற்றமற்றவன் என்று தீர்த்துச் சொல்வது; அவன் உள்ளத்தைச் செப்பனிடுவது அல்ல. 1547 ஜனவரியில் கத்தோலிக்கத் திருச்சபையின் திரிதெந்துப் பொதுச்சங்கம் தன் ஆறாம் அமர்வில் 16 அதிகாரங்களும் 33 விதிகளும் எழுதி இதற்குப் பதில் சொன்னது: பாவ மன்னிப்பு மட்டும் இல்லை, உள்ளான மனிதன் புதுப்பிக்கப்படுவதும் இதற்குள் அடக்கம்.

ஆக, ஒரு தரப்புக்கு அது ‘தீர்ப்பு’, இன்னொரு தரப்புக்கு அது ‘மாற்றம்’. இப்போது தமிழைப் பாருங்கள். சீர்திருத்தச் (புராட்டஸ்டண்ட்) சபைகள் வாசிக்கிற பழைய வேதாகமத்தில் ‘நீதிமானாக்கு’ இருக்கிறது. மேலோட்டமாகப் படித்தால் அது திரிதெந்து பக்கம் சாய்கிறது. கத்தோலிக்கர் வாசிக்கிற திருவிவிலியத்திலோ ‘கடவுளுக்கு ஏற்புடையவராதல்’. அது லூத்தர் காதுக்கு இனிக்கிற சொல். இரு வீட்டுச் சாவியும் இடம் மாறிப் போயிருக்கிறது. பல வருடமாக இரண்டையும் புரட்டுகிறேன், இந்த வேடிக்கை இந்த வேலையின்போதுதான் கண்ணில் பட்டது.

பழைய மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியாமல் இல்லை. லூக்கா 7:29ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே மக்களும் ஆயக்காரரும் (வரி வசூலிப்பவர்கள்) கடவுளுக்கே இந்த வினையைச் செய்கிறார்கள். கிரேக்கத்தில் அதே சொல். ஆனால் கடவுளை யார் நீதிமானாக்க முடியும்? அதனால் ‘தேவன் நீதிபரர் என்று அறிக்கையிட்டார்கள்’ என்று எழுதிவிட்டார்கள். உபாகமம் 25:1இல் வழக்கு விசாரிக்கும் நியாயாதிபதிகள் ‘நீதிமானை நீதிமான் என்றும், குற்றவாளியைக் குற்றவாளி என்றும்’ தீர்க்கவேண்டும். அங்கேயும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் இதே வினைதான். ரோமர் நிருபத்துக்கு வந்தவுடன் மட்டும் ‘ஆக்கு’.

> ‘ஆக்கு’ என்றாலே உள்ளே மாற்றுவது என்று யார் சொன்னது? ‘அவரை அமைச்சராக்கினார்கள்’ என்கிறோம். காலையில் இருந்த அதே ஆள்தான் மாலையிலும். ஒரு அறிவிப்பு வந்தது, அவ்வளவுதான்.

நல்ல அடி. இதற்கு நான் இரண்டு நாள் பதில் தேடினேன். ‘குற்றவாளியாக்கிவிட்டார்கள்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே ஆக்குவது முழுக்க முழுக்கச் சொல்லால்தான். ஆனால் ‘நல்லவனாக்கினார்’, ‘குடிகாரனாக்கிவிட்டது’ என்று வரும்போது ஆளே மாறிவிடுகிறான். பதவிப் பெயரோடு ஒட்டினால் அறிவிப்பு, குணப் பெயரோடு ஒட்டினால் மாற்றம். ‘நீதிமான்’ இதில் எது? பதவியா, குணமா? பாருங்கள், ஐந்நூறு வருடச் சண்டை அப்படியே திரும்பி வந்து நிற்கிறது. அதனால் ‘நீதிமானாக்கு’ தவறு என்று நான் சொல்லமாட்டேன், இந்த இரட்டைப் பொருள் மூலத்துக்கு நெருக்கமாகக்கூட இருக்கலாம். விவிலிய வாசகத்துக்கு அது போதும். கலைச்சொல்லுக்குத்தான் இடிக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. யாக்கோபு நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில் ஆபிரகாமுக்கு அடுத்து ராகாப் வருகிறாள். மொழிபெயர்ப்பாளர் அங்கே திணறியிருக்கிறார்: பெண்ணை ‘நீதிமான்’ என்று எழுதக் கை வரவில்லை. ‘நீதியுள்ளவளாக்கப்பட்டாள்’ என்று மாற்றிவிட்டார். ஒரே அதிகாரத்தில் ஒரே வினைக்கு ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. இது கலைச்சொல்லுக்கு ஆகாது.

சரி, ‘ஏற்புடைமை’? அழகான சொல். ‘ஏற்றுக்கொள்ளப்படுதல்’ என்கிற உறவுத் தொனி அதில் இருக்கிறது. ஆனால் ‘நீதி’ என்கிற வேர் அதில் அறுந்துபோகிறது. ரோமர் 3:26இல் பவுல் கடவுளை நீதியுள்ளவர் என்றும், விசுவாசிக்கிறவனை நீதிமானாக்குகிறவர் என்றும் ஒரே மூச்சில் சொல்கிறார். குற்றவாளியை விடுவித்த நீதிபதி எப்படி நீதியுள்ளவராக இருக்க முடியும் என்பதுதான் அங்கே கேள்வி. முதலிடத்தில் ‘நீதி’, இரண்டாமிடத்தில் ‘ஏற்பு’ என்று போட்டால் அந்தக் கேள்வியே காணாமல் போய்விடும். போதாததற்கு ஏற்புடைய வாதம், ஏற்புடைய சான்று என்று அந்தச் சொல்லுக்கு வேறு வேலைகள் நிறைய.

என் முன்மொழிவு: நீதிப்பேறு. வீடுபேறு, மகப்பேறு போல. பெறுகிறவர் பக்கமிருந்து சொல்கிற சொல் இது. கொடுக்கிறவர் எப்படிக் கொடுத்தார் என்பதில் வாய் திறப்பதில்லை. ‘நீதிப்பேறு என்பது தீர்ப்பு’ என்று ஒருவர் எழுதலாம், ‘நீதிப்பேறு என்பது புதுப்பிறப்பு’ என்று இன்னொருவர் எழுதலாம். இரண்டு வாக்கியமும் தமிழாக நிற்கும். இந்த இடத்தில் எனக்கு வேண்டியது இவ்வளவுதான், சண்டை போடுகிற இருவரும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு சண்டை போட முடியவேண்டும்.

> ஆனால் ‘பேறுபலன்’ என்பது கத்தோலிக்க வழக்கில் புண்ணியத் தகுதியைக் குறிக்கிற சொல். ‘பேறு’ வந்தாலே சீர்திருத்தச் சபையினர் முகம் சுளிப்பார்கள்.

உண்மை. ஆனால் ‘பேறு’ மட்டும் தனியே வரும்போது ஈட்டியது என்ற பொருள் வருகிறதா? மலைப்பொழிவில் பழைய மொழிபெயர்ப்பு ‘பாக்கியவான்கள்’ என்கிற இடத்தில் திருவிவிலியம் ‘பேறுபெற்றோர்’ என்கிறது. அது கூலி இல்லை. உழைத்து வாங்குவதைச் சொல்ல நமக்கு ‘ஈட்டம்’ இருக்கிறது. அப்புறம் ஒரு விஷயம், இந்தக் குழுமத்திலேயே இரண்டு பேர் தவறாக எழுதியதால் சொல்கிறேன்: நற்செயலால் நீதியைச் சம்பாதிக்கலாம் என்று திரிதெந்து சொல்லவில்லை. நீதிப்பேற்றுக்கு முந்தி வருகிற எதுவும், விசுவாசமானாலும் செயலானாலும், அந்த அருளுக்குத் தகுதி சம்பாதிக்காது என்று எட்டாம் அதிகாரத்தில் தெளிவாகவே இருக்கிறது. சண்டை அதற்குப் பின்னால் நடப்பதைப் பற்றியது: பெற்ற நீதி நற்செயலால் வளருமா, அல்லது நற்செயல் அதன் கனியும் அடையாளமும் மட்டும்தானா. 24ஆம் விதி பேசுவது இதைத்தான்.

தலைச்சொல் நடுநிலையாக இருந்தால், கட்சிச் சொற்களைத் தைரியமாகக் கூர்மையாக வைக்கலாம். ரோமர் 4இல் பவுல் கணக்குப்பிள்ளையின் மொழியில் பேசுகிறார்: கிரியை செய்கிறவனுக்கு வருகிற கூலி கடன் என்று எண்ணப்படும், செய்யாமல் விசுவாசிக்கிறவனுக்கு விசுவாசமே நீதியாக எண்ணப்படும். நம் கணக்குப் புத்தகத்தில் இதற்குக் கைவசம் சொல் உண்டு, வரவு வைத்தல். எனவே லூத்தர் தரப்புக்கு ‘வரவுவைத்த நீதி’. எதிர்த் தரப்புக்கு ரோமர் 5:5 கைகொடுக்கிறது: தேவ அன்பு இருதயங்களில் ‘ஊற்றப்பட்டிருக்கிறது’. அதனால் ‘ஊற்றிய நீதி’. ‘சார்த்தப்பட்ட’, ‘உட்செலுத்தப்பட்ட’ என்றெல்லாம் வந்த பரிந்துரைகளைவிட இவை வாயில் நிற்கும். (உட்செலுத்துதல் என்றால் எனக்கு ஊசிதான் ஞாபகம் வருகிறது.)

‘செயல்’ என்பதற்குப் பழைய வேதாகமம் போடுகிற ‘கிரியை’ பற்றிச் சுருக்கமாக. சைவத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்ற வரிசையில் அது வழிபாட்டுச் சடங்கு. பவுலின் ‘நியாயப்பிரமாணத்தின் (மோசேயின் சட்டத்தின்) கிரியைகள்’ என்ற தொடருக்கு அந்தச் சடங்கு வாடை ஒருவகையில் பொருந்தும். விருத்தசேதனம்தானே அங்கே பெரிய பிரச்சினை. யாக்கோபுக்குப் பொருந்தாது. அவர் பேசுவது உடுக்க உடையில்லாத, அன்றாட உணவில்லாத சகோதரனுக்குக் கொடுப்பதைப் பற்றி. அங்கே ‘நற்செயல்’ என்றே எழுதுகிறேன். ‘நல்வினை’ வேண்டாம், பின்னாலேயே இருவினையும் மறுபிறப்பும் கிளம்பி வந்துவிடும்.

கடைசியாக ‘மட்டும்’. 1522இல் லூத்தர் ரோமர் 3:28இல் மூலத்தில் இல்லாத ‘மட்டும்’ என்பதைச் சேர்த்தார் என்று பெரிய ரகளை. 1530இல் அவர் சொன்ன சமாதானம், ஜெர்மன் பேச்சு அப்படிக் கேட்கிறது என்பது. நம் பழைய வேதாகமம் ஓசைப்படாமல் ‘விசுவாசத்தினாலேயே’ என்று முடித்துக்கொண்டது. அந்த ஏகாரம் பிரிநிலையா, தேற்றமா? பிரிநிலை (மற்றதை விலக்கிப் பிரிப்பது) என்றால் லூத்தருக்கு வெற்றி, தேற்றம் என்றால் வெறும் உறுதி. தொல்காப்பியர் இரண்டுக்கும் இடம் விட்டிருக்கிறார். இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

‘நீதிப்பேறு’வுக்கு வலுவான எதிர்ப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள். 1999இல் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஆக்ஸ்பர்க்கில் இதே பொருள் பற்றிக் கையெழுத்திட்ட கூட்டறிக்கைப் பகுதிக்கு அடுத்து வருகிறேன். ஏற்கப்படுதலும் உள்ளம் புதுப்பிக்கப்படுதலும் அங்கே ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வருகின்றன. இந்தச் சொல் அதைத் தாங்குகிறதா என்று எழுதிப் பார்த்து இங்கேயே ஒட்டுகிறேன்.