புதுப்பிப்பு: விண்டோஸ், உபுண்டு இரண்டுக்கும் வட்டைப் பிரித்தாயிற்று
ஒரே கணினியில் இரண்டையும் வைத்துக்கொள்ள, 512 ஜிபி எஸ்எஸ்டி வட்டை விண்டோஸ் 11-க்கும் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கும் எப்படிப் பிரிக்கலாம் என்று கேட்டிருந்தேன் அல்லவா? விண்டோஸுக்கு 200 ஜிபி, உபுண்டுவின் இயங்குதளக் கோப்புகள் இருக்கும் ரூட்டுக்கு 60, சொந்தக் கோப்புகளுக்கான ஹோமுக்கு 120, மீதி இடம் இரு இயங்குதளங்களும் பகிரும் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறை) பகுதி. ரூட்டுக்கு 25 ஜிபி போதும் என்றார்கள் சிலர். ஸ்னாப் என்ற பொதிகளாக வரும் செயலிகளும் பழைய கெர்னல்களும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதை விழுங்கிவிடும் என்பதால் தாராளமாகவே விட்டேன். ரேம் நிறையும்போது கைகொடுக்கும் ஸ்வாப்புக்குத் தனிப் பகுதி இல்லை, கோப்பே போதும்.

விண்டோஸ் பகுதியைச் சுருக்குவதில்தான் பெரும் இழுபறி. பாதிக்கு மேல் காலியாக இருந்தும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவி கொஞ்சம்தான் விட்டுத்தந்தது. நகர்த்த முடியாத பேஜ்ஃபைலும் (விண்டோஸின் ஸ்வாப் கோப்பு) கணினி உறங்கும்போது நினைவகத்தைச் சேமிக்கும் ஹைபர்னேஷன் கோப்பும் நடுவில் உட்கார்ந்திருந்தன. இரண்டையும் அணைத்து மறுதொடக்கம் செய்ததும் இடம் கிடைத்தது. பேஜ்ஃபைலைப் பிறகு திரும்ப இயக்கிவிட்டேன். விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதி உறக்கத்துக்குப் போகும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் மட்டும் அணைந்தே இருக்கட்டும். இல்லாவிட்டால் பகிர்வுப் பகுதியில் லினக்ஸ் எழுத மறுக்கக்கூடும். விண்டோஸ் வட்டைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியைத் தொடங்கும் முன்பே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.